வேலைதான் இருந்ததே!

2006 ஜூலை 9 அன்று பெர்லினில், உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், ஜிதான் மத்தராட்ஸியின் நெஞ்சில் தலையால் முட்டினார். நம்மூர் டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. அது அடங்குவதற்குள், ஒன்பதாவது நாள், ஜூலை 18ஆம் தேதி, சென்னை பல்லாவரத்தில் இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன் வி.பி.சத்யன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. இந்தியன் வங்கி ஊழியர். அந்த வங்கி அணிக்கு ஆட வந்து, பிறகு அதற்கே பயிற்சியாளர் ஆனவர். மனைவி, ஒரு மகள் என்று அளவான குடும்பம்.

காவேரிப்பாக்கத்தில் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "பேங்க்கு வேலைதான் இருந்ததே, அப்புறம் என்ன?"

அதைக் கேலியாகக் கேட்பதில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்கிறார்கள். இந்த ஊர் அப்படி. ஒரு பாதி பல்லவர் காலத்து ஏரியை நம்பியிருக்கிறது, மறு பாதி விடியற்காலையில் நெடுஞ்சாலையில் வந்து நிற்கும் கம்பெனி வண்டியை நம்பியிருக்கிறது. ராணிப்பேட்டையில் டேனரி, ஆம்பூரில் ஷூ கம்பெனி, வாணியம்பாடியில் தோல் மண்டி. எங்கோ ஜெர்மனியிலோ இத்தாலியிலோ ஆர்டர் குறைந்தால் இங்கே ஓவர்டைம் நிற்கும். அமெரிக்கா வரியை ஏற்றினால் ஆம்பூரில் ஷிஃப்ட் குறையும். கொரோனா காலத்தில் கேட்டைப் பூட்டியபோது எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போனது என்று இந்தப் பக்கத்து அடகுக் கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும். இப்படிப்பட்ட மண்ணில் மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வு பெற்றால் பென்ஷன், வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் மருத்துவச் செலவு என்று ஒரு பொதுத்துறை வங்கி வேலை கிடைத்துவிட்டால், அதற்கு மேல் மனிதனுக்கு என்ன குறை இருக்க முடியும் என்றுதான் தோன்றும்.

பையன்களைப் பந்து ஆட விடுவதுகூட இந்தக் கணக்கில்தான். "சர்ட்டிஃபிகேட் வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பாத்துக்கலாம்" என்று சொல்லாத அப்பா இல்லை. ரயில்வே, போலீஸ், வங்கி, துறைமுகம் என்று அந்தக் கோட்டா திறந்துவிட்ட கதவுகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கரையேற்றியிருக்கின்றன. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சத்யனின் வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்தால், அந்தக் கதவுக்கு உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது என்று நாம் யோசித்ததே இல்லை என்பது தெரியும்.

கண்ணூரிலிருந்து கோவை வரை

சத்யன் 1965 ஏப்ரலில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் பிறந்தார். கண்ணூர், திருச்சூர், மலப்புறம் பக்கமெல்லாம் அறுவடை முடிந்த வயலில் செவன்ஸ் ஆட்டம் பார்க்கக் கூட்டம் கூடும் ஊர்கள். அவர் ஆடிய இடம் ஸ்டாப்பர் பேக். கோல் போடுகிறவனுக்குத்தான் மாலை விழும்; ஸ்டாப்பருக்கு அவன் தவறவிட்ட ஒரு பந்துதான் பெயரைக் கொடுக்கும், அதுவும் கெட்ட பெயரை. அந்த இடத்தில் நின்று நாடறிந்த ஆட்டக்காரர் ஆவதற்குத் தனித் திறமை வேண்டும்.

1984இல் கேரள போலீஸ் ஒரு கால்பந்து அணியை உருவாக்கியது. சத்யன், ஐ.எம்.விஜயன், பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மேத்யூ என்று அதில் சேர்ந்த பெயர்களை மலையாளிகள் இன்றும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். 1990இல் திருச்சூரில் ஃபெடரேஷன் கோப்பை, மறு வருடம் கண்ணூரில் மறுபடியும் அதே கோப்பை. கொல்கத்தா, கோவா அணிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஒரு மாநில போலீஸ் அணி இதைச் செய்தது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் சம்பளம் வாங்கும் காவலர்கள்.

1992இல் சந்தோஷ் டிராஃபி இறுதி ஆட்டம் நம்முடைய கோயம்புத்தூரில் நடந்தது. கேரளம் கோவாவை 3-0 என்று வென்றது. 1973க்குப் பிறகு, 19 வருடம் காத்திருந்து கிடைத்த கோப்பை. அதைக் கையில் வாங்கிய கேப்டன் சத்யன். மோகன் பகானுக்கும் மொகமதன் ஸ்போர்ட்டிங்குக்கும் ஆடினார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் வந்தது.

பிறகு சென்னை. 1995 டிசம்பரில் நேரு ஸ்டேடியத்தில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். இறுதியில் வங்கதேசத்தை வென்று தங்கம். அடுத்த இரண்டே மாதத்தில், 1996 பிப்ரவரியில், ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 94ஆம் இடத்துக்கு வந்தது. இன்று வரை இந்திய ஆண்கள் அணி அதைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு முறை நம் அணி சறுக்கும்போதும் தொலைக்காட்சியில் அந்த 94ஐச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் நின்ற கேப்டனின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வங்கிச் சட்டை

இந்தியன் வங்கி அணி அப்போது சென்னைக் கால்பந்தின் பெரிய அணிகளில் ஒன்று. தேசிய லீக் தொடங்கியபோது அதிலும் ஆடியது. சென்னை லீக் முழுக்கவே அன்று நிறுவன அணிகளின் ராஜ்ஜியம்தான். வங்கிகள், ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, ஏ.ஜி. அலுவலகம், போலீஸ். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகத்தில் கொஞ்ச நேரம், ஆட்ட நாளில் ஆன் டியூட்டி. மேலாளர் கைகுலுக்குவார், பக்கத்து மேசைக்காரர் செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டிக் கண்ணாடிக்கு அடியில் வைப்பார்.

முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதில் முட்டி சொல்பேச்சு கேட்காது. அணியில் பெயர் வராது. அதுவரை ஆட்டக்காரனாக மட்டும் அறியப்பட்டவர், பத்து வருடம் பணியில் இருந்தும் வேலை பழகாத ஊழியராக மேசைக்கு வருகிறார். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் தேர்வெழுதி அதிகாரி ஆகியிருப்பார்கள். சம்பளம் வரும், ஒரு ரூபாய் குறையாது. காலை ஐந்து மணிக்குத்தான் விழிப்பு வரும், எழுந்து போவதற்கு மைதானம் இருக்காது. நிறுவன அணிகளில் ஆடிய பலரும் இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள்தான். பெரும்பாலோர் எப்படியோ கடந்துவிடுகிறார்கள். சிலர் பயிற்சியாளர் ஆகிறார்கள், சிலர் பாட்டிலோடு நிற்கிறார்கள், சிலர் நல்ல வங்கி ஊழியர்களாகவே மாறிவிடுகிறார்கள்.

சத்யன் பயிற்சியாளர் ஆனார். வெளியிலிருந்து பார்த்தால் சரியான பாதைதான். ஆனால் கால் காயங்கள் ஆட்டத்தோடு முடிந்துவிடவில்லை. வலி கூடவே வந்தது, அதோடு மன அழுத்த நோயும். அவர் இறந்தபோது வந்த செய்திகள் இந்த இரண்டையும் குறிப்பிட்டன.

நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் தயங்குவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் போவார், போகாதவர் ஆந்திர எல்லை தாண்டிப் புத்தூர் கட்டுக்குப் போவார். கட்டோடு வருகிறவனைத் தெருவே நின்று விசாரிக்கும். எங்கே விழுந்தாய், யார் கட்டினார்கள், முட்டை சாப்பிடு என்று ஆளுக்கொரு யோசனை. முட்டி ஜவ்வு கிழிந்துபோன ஆட்டக்காரனுக்கும் அந்த மரியாதை உண்டு. அந்தக் கட்டைப் பிரித்த பிறகு, நடக்க முடிந்தும் ஆட முடியாத நாட்களில், அவன் தூக்கமில்லாமல் புரண்டால் அதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

காயத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு அளந்து பார்க்கப்பட்டதுதான். உலகத் தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆடிக்கொண்டிருந்த 607 பேரில் 38 சதவீதம் பேருக்கும், ஓய்வு பெற்ற 219 பேரில் 35 சதவீதம் பேருக்கும் மன அழுத்தம் அல்லது பதற்ற நோயின் அறிகுறிகள் இருந்தன. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கடுமையான காயங்கள் பட்டவர்களுக்கு இந்த ஆபத்து இரண்டிலிருந்து நான்கு மடங்கு அதிகம். இதெல்லாம் ஐரோப்பா, தென் அமெரிக்கா போன்ற இடங்களில் எடுத்த கணக்கு. நம் நிறுவன அணிகளில் ஆடி ஓய்ந்தவர்களிடம் இப்படிக் கேட்டிருந்தால் என்ன எண்ணிக்கை வந்திருக்குமோ!

பணம் இருந்த இடத்தில்

"நம்மூரில் வசதி இல்லை, வெளிநாடாக இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பார்கள்" என்று ஒரு சமாதானம் உடனே வரும். அதுவும் பாதிதான் உண்மை.

செக் நாட்டு மார்ட்டின் ஃபெனின் 1987இல் பிறந்தவர். 2007இல் கனடாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக முதல் கோலைப் போட்டவர்; ஆட்டத்தை அர்ஜென்டினா 2-1 என்று வென்றது வேறு கதை. அடுத்த ஜனவரியில் ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் அவரை வாங்கியது. பிப்ரவரியில் முதல் பண்டெஸ்லீகா ஆட்டம், ஹெர்த்தா பெர்லினுக்கு எதிராக, அவர்கள் மண்ணிலேயே. ஃபிராங்க்ஃபர்ட் 3-0. மூன்றும் ஃபெனின் போட்டவை. இருபது வயதுப் பையனுக்கு அதைவிட என்ன வேண்டும்!

அந்த உயரத்துக்கு அவர் மறுபடி போகவே இல்லை. காயங்கள், பெஞ்சு, இரண்டாம் நிலை லீக்கில் கொட்பஸ் அணி. 2011 அக்டோபரில் அங்கே ஒரு விடுதி ஜன்னலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. அவருக்கு மன அழுத்த நோய், சிகிச்சை எடுக்கப் போகிறார் என்று கிளப்பே அறிவித்தது. குடியைப் பற்றிப் பிற்பாடு அவரே பேட்டிகளில் வெளிப்படையாகப் பேசினார். சின்ன கிளப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆடினார். 2023 செப்டம்பரில், 36 வயதில், இறந்துபோனார்.

அவர் கிளப் அப்படி அறிவித்ததற்குப் பின்னால் இன்னொரு மரணம் இருக்கிறது. ஜெர்மனியின் கோல்கீப்பர் ராபர்ட் என்கே 2009 நவம்பர் 10 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் கோல் கம்பத்துக்கு முன் நிற்கப் போகிறவர் என்று பேசப்பட்டவர். பல வருடமாக நோய் இருந்தது, மருத்துவரிடமும் போய்க்கொண்டிருந்தார். ஆனால் வெளியே தெரிந்தால் ஆட்டம் போய்விடும், தத்தெடுத்த பெண் குழந்தையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தார். மறுநாளே அவர் மனைவி தெரேசா பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தத் துணிச்சல் ஜெர்மன் கால்பந்தில் பேச்சைத் திறந்துவிட்டது. 2010இல் என்கே பெயரில் ஓர் அறக்கட்டளை வந்தது. இரண்டே வருடத்தில் ஒரு சின்ன கிளப்கூடத் தன் வீரருக்கு மன நோய் இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லும் நிலை வந்தது. அதற்குப் பிறகும் ஃபெனின் நாற்பதைப் பார்க்கவில்லை.

ஆகவே வேலையோ பணமோ ஜெர்மன் மருத்துவமோ இருந்தால் இந்த நோய் அண்டாது என்று சொல்வதற்கில்லை. சர்க்கரையைப் போல, இரத்தக் கொதிப்பைப் போல இதுவும் ஒரு நோய். சிகிச்சை பலருக்குப் பலிக்கிறது, சிலருக்கு மெதுவாகப் பலிக்கிறது, சிலருக்கு நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. நாம்தான் ஒவ்வொரு சாவுக்கும் ஒரே ஒரு காரணம் கேட்கிறோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தால் "குடும்பப் பிரச்சினை", "நோய்", "கடன்" என்று கட்டம் கட்டி எண்ணிக்கை இருக்கும். போலீஸ் எழுதும் வழக்குக் குறிப்பிலிருந்து வரும் கட்டங்கள் அவை. ஒரு மனிதன் ஒரே சமயத்தில் மூன்று கட்டத்தில் நின்றிருந்தால் எதில் எழுதுவார்கள்?

கேப்டன்

சத்யனின் கதையை 2018இல் மலையாளத்தில் "கேப்டன்" என்று படமாக எடுத்தார்கள். பிரஜேஷ் சென் இயக்கம், ஜெயசூர்யா நடிப்பு. அந்த வருடத்துக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதை ஜெயசூர்யாவுக்கு வாங்கித் தந்த படங்களில் இதுவும் ஒன்று. எனக்கு அந்தப் படத்தில் ஒரு குறை. தோற்ற ஆட்டங்களும் கிடைக்காத மரியாதையும்தான் அவரைக் கொன்றன என்கிற மாதிரி ஓர் எண்ணத்தை விட்டுச்செல்கிறது. ரசிகர்களின் கண்ணீருக்கு அது வசதி. நோய் என்று சொன்னால் கைதட்டல் வராது. ஆனாலும் சத்யன் என்று ஒருவர் இருந்தார் என்பதைப் புதிய தலைமுறைக்குச் சொன்னதே அந்தப் படம்தான் என்பதால் அதிகம் குறை சொல்ல மனம் வரவில்லை.

அவரோடு ஆடிய ஐ.எம்.விஜயனைத் தமிழர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். சத்யன் போன அதே 2006இல் வந்த "திமிரு" படத்தின் வில்லன்களில் ஒருவர். பிறகு "கொம்பன்", "பிகில்". திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன், 2025இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆட்டம் ஓய்ந்த பிறகு அவருக்குச் சினிமா என்று ஒரு இரண்டாவது மைதானம் கிடைத்தது. அவர் மனம் உறுதியானது, சத்யனுடையது பலவீனமானது என்று இதிலிருந்து யாராவது முடிவுக்கு வந்தால் அது அநியாயம். விஜயன் ஃபார்வர்டு, போகிற இடமெல்லாம் சிரிக்கிற ஆள். சத்யன் ஸ்டாப்பர், அதிலும் கேப்டன். பதினொரு பேரில் யாருக்குக் கால் வலி, யார் வீட்டில் சண்டை, யார் நேற்று ராத்திரி சாப்பிடவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர். தனக்கு முடியவில்லை என்று அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? கேப்டன் சொல்லும் இடமா அது?

அதே 2006 டிசம்பரில் தமிழ்நாட்டிலேயே இன்னொரு விளையாட்டு வாழ்க்கை உடைந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஊரே பார்க்க அவமானம், வேலை இல்லை, செங்கல் சூளையில் கூலி. தற்கொலை முயற்சி வரை போனவர் மீண்டு வந்து பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். அவருக்கு வேலைதான் கைகொடுத்தது. வேலை பெரிது என்று சொல்லும் காவேரிப்பாக்கத்து அப்பாவின் பேச்சில் நியாயம் இருக்கிறது என்பதற்கு சாந்தியே சாட்சி. பசியையும் ஊர் ஏச்சையும் வேலை தீர்க்கும். நோயைத் தீர்க்க மருத்துவர் வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் கோளாறு.

பாகாயம்

2006இல் சட்டமும் எதிரி. தற்கொலை முயற்சி அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றம். "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று வெளியே சொல்லக் குடும்பங்கள் நடுங்கின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு சிகிச்சை தர வேண்டும் என்று மாற்றியது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309 இல்லை.

சட்டம் மாறிவிட்டது, வாய்தான் மாறவில்லை. சென்னையில் ஒருவரைத் திட்ட "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்த இடத்தில் பாகாயம். உண்மையில் பாகாயத்தைப் பற்றி நாம் பெருமைப்பட வேண்டும். 1950களில் வேலூர் சி.எம்.சி.யில் கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் மனநலப் பிரிவை வளர்த்தெடுத்தார். நோயாளியைப் பூட்டிவைத்த காலம் அது. பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்று வைத்தார்கள். அம்மா கூட இருந்து சமைத்துப் போடுவார், அண்ணன் டாக்டர் சொல்வதைக் கேட்டுப் பழகுவார். அந்த முறையை வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து படித்துவிட்டுப் போனார்கள். காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பஸ் பயணத்தில் இருக்கிற இடம். நாம் அதை வசைச் சொல்லாக வைத்திருக்கிறோம்.

சென்னையிலும் 1986இலிருந்தே டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு தற்கொலை எண்ணம் வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. சத்யன் போகும்போது அதற்கு இருபது வயது.

இன்றைய ஆட்டக்காரனுக்குச் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. கன்னியாகுமரிக் கடற்கரை இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில், ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டத்திலேயே, கால் மணி நேரம்கூட ஆகாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். ஜவ்வு கிழிந்து சீசன் முழுதும் போயிற்று. அறுவை சிகிச்சை, பிசியோ, திரும்ப மைதானம் என்று அவருக்கு ஒரு பாதை போட்டு வைத்திருந்தார்கள். பெரிய கிளப்பில் இருந்தால் இவ்வளவாவது உண்டு. வாலாஜாவிலோ ஆற்காட்டிலோ மாவட்ட அளவில் ஆடும் பையனுக்கு ஜவ்வு கிழிந்தால் பிசியோவுக்கே காசு இல்லை. கோட்டா வயது தாண்டிப் போகிறது, கூட ஆடியவன் போலீஸ் ஆகிவிட்டான், இவன் ஷூ கம்பெனியில் கட்டிங் டேபிளில் நிற்கிறான். அவனைப் பார்த்து "உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லாதவர் இல்லை.

பயிற்சியாளர்களிடமும் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் கேட்க எனக்கு ஒன்று உண்டு. காயம்பட்டு அணியிலிருந்து நின்றுபோன பையனின் வீட்டுக்கு மூன்றாவது மாதம் ஒரு தடவை போங்கள். முதல் வாரம் எல்லோரும் போவார்கள், மூன்றாவது மாதம் யாரும் போக மாட்டார்கள். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, முன்பு பேசியவர்களோடு இன்னும் பேசுகிறானா என்று கேளுங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து, இரவு பகல் எந்நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 இருக்கிறது. சிநேகாவின் எண் 044-24640050. நேரில் போக வேண்டுமென்றால் வேலூர் பஸ் ஏறிப் பாகாயத்துக்கு வழி கேட்டால் யாரும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டு போய்விடுங்கள்.